செல்லாரில் இடம்

"சாவியைக் கொடு, நீலா."

வெங்கடராமன் கையை நீட்டியபடி நின்றார். நீலா முந்தானையில் முடிந்திருந்த கூடத்துச் சாவியை இறுகப் பிடித்துக்கொண்டாள். மழை விட்டபாடில்லை. கீழே, ஹப்சிகுடாவின் அந்த அடுக்குமாடிக் கட்டடத்துச் சமுதாயக் கூடத்தின் வாசலில், பின்புறக் கால்வாய்க்கரைக் குடிசைகளிலிருந்து வந்த சில குடும்பங்கள் நனைந்துகொண்டிருந்தன.

அந்தக் கூடத்தை வெள்ள நிவாரண முகாம் என்று கோடையில்தான் அறிவித்திருந்தார்கள். மாநகராட்சி அனுமதி தந்தது. ஒரு மருந்துக் கம்பெனி கட்டில்களும் ஜெனரேட்டரும் தந்தது. குடியிருப்போர் சங்கம் இடம் தந்தது. சங்கத்தின் தலைவர் வெங்கடராமன், பாதுகாப்புத் துறை ஆலையில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். திறப்பு விழாவில் அவர் பேசியபோது நீலாவும் பெருமையாகக் கைதட்டியிருக்கிறாள்.

"அவாளுக்காகத்தானே முகாம்?" என்றாள்.

"வெள்ளம் வந்தா. வெள்ளம்னு இன்னும் யாரும் அறிவிக்கலை. ஞாயித்துக்கிழமை வைத்தியநாதன் பொண்ணுக்கு அங்கதான் நிச்சயதார்த்தம். இவா பொழங்கின எடத்துல அப்பறம் யாரு எலை போட்டுச் சாப்பிடுவா?"

அவர் நியாயஸ்தர். கேட்காமல் முடிவெடுத்தோம் என்று இருக்கக் கூடாது. மாநகராட்சி அதிகாரி வேணுகோபாலுக்குப் போன் செய்தார். கூடம் சங்கத்துடையது, அறிவிப்பு வரும்வரை எங்களால் உத்தரவிட முடியாது என்றார் அவர். கம்பெனியின் அனுபமா, மாநகராட்சி சொன்னால்தான் பொருள்களைத் தொடலாம் என்றாள்.

"மூணு பேர் சேர்ந்து பண்றேள்னு சொன்னேளே. இப்ப யாருமே பண்ணலைன்னு ஆயிடுத்தே" என்றாள் நீலா.

"சாவி."

கொடுத்துவிட்டாள். கேட்டதைக் கொடுத்தே பழகிய கை.

நனைந்து நின்ற குடும்பங்களுக்குத் தரைக்குக் கீழே கார் நிறுத்தும் செல்லாரில் இடம் ஒதுக்கப்பட்டது. அவர்களில், அந்தக் கட்டடத்துக் குளியலறைகளைக் கழுவுகிற செல்லம்மா மட்டும் படியேறி வந்தாள். விழுப்புரத்துப் பக்கத்திலிருந்து இந்தத் தெலுங்கு ஊருக்குப் பிழைக்க வந்தவள். அவள் புருஷன் ராமசுவாமிக்கு ஒரு பக்கம் வாதம். கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

"அம்மா, அவரை மட்டும் இந்த மாடி வராண்டாவுல ஒரு ஓரமா குந்த வச்சிக்கிறேன். எழுந்து ஓட முடியாத மனுசன்."

நீலா கணவரைப் பார்த்தாள். அவர், பக்கத்தில் வந்து நின்ற வைத்தியநாதனைப் பார்த்தார்.

"எல்லாரும் போற வர்ற வழி" என்றார் வைத்தியநாதன். "ஒருத்தருக்கு விட்டா எல்லாரும் ஏறிடுவா."

"தகராறு நக்கோ, வேணாம் சார். கீழயே இருந்துக்கறோம்" என்று செல்லம்மா இறங்கிப் போனாள்.

மத்தியானம் கால்வாய்ச் சுவர் இடிந்தது. செல்லாருக்கு இறங்கும் சாய்தளத்தில் தண்ணீர் அருவிபோல இறங்கியது. கால் உள்ளவர்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மேலே ஓடிவந்தார்கள். செல்லம்மாவும் காவலாளியும் ராமசுவாமியின் அக்குளைப் பிடித்து இழுத்தார்கள். மிதந்து வந்த ஸ்கூட்டர் ஒன்று குறுக்கே விழுந்தது, பிடி விட்டுப்போயிற்று. காவலாளி செல்லம்மாவைத்தான் இழுத்து வெளியே போட முடிந்தது.

தண்ணீரின் வேகம் அடங்கியதும் ராமசுவாமியின் உடலைத் தூக்கி வந்தார்கள். செல்லம்மா அழவில்லை. நீலாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"வராண்டா காலியாத்தாம்மா இருந்துச்சு."

அன்று மாலை வெள்ளம் என்று அறிவித்தார்கள். கூடம் திறந்தது. கட்டில்கள் விரிந்தன, சூடான கிச்சடி வந்தது, கம்பெனி ஆள் படமெடுத்தான். செல்லம்மா அங்கே ஒரு வாய் சாப்பிடவில்லை. மெட்டுகுடாவிலிருந்த தங்கை வீட்டுக்குப் போனவள், வேலைக்குத் திரும்பவேயில்லை.

மழைக்காலம் முடிந்து அதே கூடத்தில் பாராட்டு விழா நடந்தது. அரசும் தனியாரும் மக்களும் கைகோத்தால் என்ன செய்யலாம் என்பதற்கு இந்தக் கட்டடமே சாட்சி என்று வேணுகோபால் தெலுங்கில் பேசினார்.

"இந்த முகாமில் ஒரு உயிர்கூடப் போகவில்லை."

அதில் பொய் இல்லை. ராமசுவாமி முகாமில் சாகவில்லை.

முன்வரிசையிலிருந்த நீலா எழுந்தாள். இத்தனை வருஷமாகப் பேசிய தெலுங்கு அந்த நேரத்தில் நாக்குக்கு வரவில்லை.

"ராமசுவாமி செத்துப்போனார். நாமதான் அவரைச் செல்லாருக்கு அனுப்பினோம்."

மேடையிலிருந்த அனுபமாவுக்குத் தமிழ் தெரியாது. மேடம் என்ன சொல்கிறார்கள் என்று சிரித்த முகத்துடன் வெங்கடராமனைக் கேட்டாள்.

"உங்க எல்லாருக்கும் நன்றி சொல்றா" என்று அவர் மைக்கில் ஆங்கிலத்தில் சொன்னார்.

கூடம் கைதட்டியது. தமிழ் தெரிந்த வைத்தியநாதனும் தட்டினார். நீலா உட்காரவில்லை. ஓசை அடங்கும்வரை நின்று, அதையே தெலுங்கில் சொன்னாள்.

பிறகு அனுபமா மைக்கை வாங்கி, வெளியே தேநீர் தயாராக இருப்பதாகச் சொன்னாள். எல்லோரும் எழுந்து போனார்கள்.