எட்டாக மடித்த நிழல்

செவ்வாய்க்கிழமை காலை மரத்தை வெட்டினார்கள். நிழலை வெட்ட மறந்துவிட்டார்கள். நாற்பது வருடமாக அந்தத் தெருமுனையில் நின்ற தூங்குமூஞ்சி மரம், எதிரே புதிதாகத் திறந்த செல்போன் கடையின் போர்டை மறைக்கிறது என்று கொடுக்கப்பட்ட ஒரு மனுவுக்காக, பதினொரு மணிக்குள் மூன்று லாரிகளில் ஏறிப் போய்விட்டது. பன்னிரண்டு மணிக்கும் நிழல் இருந்த இடத்திலேயே கிடந்தது. கிளை கிளையாக, காற்றடித்தால் லேசாக அசைந்துகொண்டு. நகராட்சியிலிருந்து ஒருவர் வந்து பார்த்தார். மரத்தை அகற்றத்தான் உத்தரவு, நிழலைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை என்றார். பிறகு அந்த நிழலிலேயே கொஞ்ச நேரம் நின்று கழுத்தைத் துடைத்துக்கொண்டு போனார். தெருவும் வாய் பிளக்கவில்லை. அந்தக் கோடையில் ஆச்சரியப்படக்கூட உடம்பில் தெம்பு வேண்டியிருந்தது.

அந்த நிழலில் பதினெட்டு வருடமாக இஸ்திரி வண்டி போட்டிருந்தவளைத் தெருவில் பெட்டியக்கா என்பார்கள். கரிப்பெட்டியோடு நாள் முழுக்க நிற்பவளுக்கு வெக்கை பழகிப்போயிருந்தது. அவள் உயிரெல்லாம் இரண்டு தெரு தள்ளி, மூன்றாவது மாடியில், தகரக் கூரை போட்ட ஒற்றை அறையில் எட்டு மாத வயிற்றோடு படுத்திருந்த தங்கையிடம் இருந்தது. போன கோடையில் இதே அறையில், ஏழாம் மாதத்தில், வயிற்றிலிருந்த பிள்ளை அசைவதை நிறுத்தியது. விதி என்றார்கள் அக்கம்பக்கத்தார். விதியும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை, தகரம். பகல் இரண்டு மணிக்கு அந்த அறையின் சுவரில் கை வைக்க முடியாது. மின்விசிறி அனலை வாரி வாரி இறைக்கும். தங்கையின் கால்கள் வீங்கி, படி இறங்குவதே நடக்காத காரியமாகிவிட்டது. சுகாதார நிலையத்து நர்ஸம்மா வந்து தெர்மாமீட்டரை ஆணியில் மாட்டிப் பார்த்தபோது உள்ளே நாற்பத்து மூன்று. வரும் வழியில் பெட்டியக்காவின் வண்டியடியில் பார்த்திருந்தாள், அங்கே முப்பத்தைந்து.

"பகல்ல இவங்களைக் குளிர்ச்சியான இடத்துல வச்சுக்கோங்கக்கா."

"எங்கம்மா வைக்கறது, ஃப்ரிட்ஜ்லயா? அதுவும் இல்லியே எங்ககிட்ட."

நர்ஸம்மாவுக்குக் கோபம் வரவில்லை. "சிரிக்கறதுக்குச் சொல்லல. இந்தச் சூடு இப்படியே நின்னுச்சுன்னா போன தடவை மாதிரிதான் ஆகும்," என்றாள்.

தூங்குமூஞ்சி மரம் சாயங்காலமானால் இலை மூடும். அதன் நிழலுக்கும் அந்தப் பழக்கம் விடவில்லை. மறுநாள் வெயில் இறங்கும் நேரத்தில் அது தானாகவே ஓரங்களைச் சுருட்டிக்கொள்வதைப் பெட்டியக்கா கவனித்தாள். ஒரு ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். ஈரப் போர்வையின் கனம் இருந்தது. துணி என்று கையில் வந்துவிட்டால் அதை மடிக்காமல் விட அவளுக்குத் தெரியாது. இரண்டாக, நான்காக, எட்டாக மடித்தாள். வெளுத்த துணிகளுக்கு அடியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோய், கூரைத் தகரத்தின் மேல் போட்டு நான்கு மூலையிலும் செங்கல் வைத்தாள். விரித்திருந்தால் ஏழெட்டு வீட்டுக் கூரையை மூடியிருக்கும். அவள் விரிக்கவில்லை. எட்டு மடிப்பு என்றால் எட்டு மடங்கு குளிர்ச்சி என்று கணக்குப் போட்டாள். கணக்கு சரியாகத்தான் இருந்தது. மறுநாள் பகல் இரண்டு மணிக்கு அறைக்குள் முப்பத்திரண்டு. மூன்று வாரத்தில் முதல் தடவையாகத் தங்கை அடித்துப்போட்டது போலத் தூங்கினாள். வயிற்றில் பிள்ளை உதைப்பது புடவைக்கு மேலே தெரிந்தது.

தெருமுனை மொட்டை வெயிலில் கிடந்தது. செல்போன் கடைக்கு உள்ளே ஏசி, வெளியே செக்யூரிட்டி. அந்த மனிதருக்குக் கடைக்குள் உட்கார அனுமதியில்லை. மதியம் ஒரு மணிக்கு டப்பாவைத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்கு வருவார். அதற்காகவே அங்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு வைத்திருந்தார். இப்போதும் வந்தார். வெயிலிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார்.

"பெட்டியக்கா, இங்க ஒரு நிழல் இருந்துச்சே. பாத்தீங்களா?"

"எனக்கென்னண்ணே தெரியும். மரமே போயிடுச்சு, நிழல் மட்டும் என்ன மாமியார் வீடா, இருந்து சாப்பிட?"

அவர் சிரித்தார். ஏழாம் நாளும் அதே நாற்காலியில் உட்கார்ந்தார். எட்டாம் நாள் உட்கார்ந்தபடியே சாய்ந்தார். தொட்டுப் பார்த்தபோது உடம்பு அவளுடைய இஸ்திரிப் பெட்டி மாதிரி கொதித்தது, ஒரு சொட்டு வியர்வை இல்லை. ஆஸ்பத்திரியில் மாரடைப்பு என்று எழுதினார்கள். வெயில் என்று எழுதினால் யாராவது பதில் சொல்ல வேண்டியிருக்கும். மாரடைப்புக்கு யாரும் பொறுப்பில்லை.

மறுநாள் விடிந்ததும் பெட்டியக்கா நிழலைத் திருப்பிக் கொண்டுவந்தாள். தங்கை தூங்கிக்கொண்டிருந்தாள், அவளிடம் சொல்லவில்லை. வெட்டியதில் மிஞ்சிய அடிமரத்தைச் சுற்றி விரித்தபோதுதான் தெரிந்தது: இத்தனை நாள் மடித்துக் கிடந்ததில் மடிப்புக்கு மடிப்பு கோடு விழுந்து, கோடு வழியாக வெயில் ஒழுகியது. கசங்கிய எதையும் அவள் பதினெட்டு வருடத்தில் ஒருநாளும் திருப்பிக் கொடுத்ததில்லை. கரி போட்டாள், தண்ணீர் தெளித்தாள், முழங்கால் போட்டு நிழலைத் தேய்க்க ஆரம்பித்தாள். பாதியில் தலை நிமிர்ந்தது. எதிரே அந்தக் காலி நாற்காலி. எவ்வளவு நேரம் பார்த்தாளோ, கை நகரவில்லை. பெட்டியைத் தூக்கியபோது அதன் அடிப்பக்க அளவுக்கு, முனை கூராக, நிழலில் ஒரு ஓட்டை, ஓட்டைக்குள் வெயில். தேய்த்த நிழல் கஞ்சி போட்ட துணி மாதிரி விறைத்தும்விட்டது. இனி அது சாயங்காலம் சுருளாது, மடியாது, எங்கும் எடுத்துப்போக முடியாது.

அவள் தெருவிலேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர் கையிலிருந்த டியூபைக் கீழே வைத்தார்.

"அந்த மனுசன் செத்ததுக்கு உன்னை நான் மன்னிக்க மாட்டேன்," என்றார். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்க நாலு பேர் போயி உன் தங்கச்சியைத் தூக்கிட்டு வந்திருக்க மாட்டோமா? இத்தனை வருசம் பக்கத்துல நிக்கற. வாய் இல்ல உனக்கு?"

திட்டிக்கொண்டே நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு போனார். தங்கையை நாற்காலியோடு மூன்று மாடி இறக்கி, இஸ்திரி வண்டியில் படுக்கவைத்துத் தள்ளிவந்தார்கள். பத்தொன்பது பகல் அவள் தெருவில் படுத்திருந்தாள், குப்பை வண்டிக்காரர்களும் சாமான் டெலிவரி செய்பவர்களும் தபால்காரரும் சுற்றி உட்கார்ந்து சாப்பிட. அந்த ஓட்டை சூரியனோடு நகரும். வந்தால் எல்லோரும் ஒதுங்கிக்கொள்வார்கள். சரியாக ஒரு மணிக்கு அது செக்யூரிட்டியின் நாற்காலி மேல் வந்து நிற்கும். அந்த நாற்காலியில் யாரும் உட்காரவில்லை, அதை யாரும் எடுக்கவும் இல்லை. நிழலோ, ஊட்ட வேரில்லாமல், நாளுக்கு நாள் வெளுத்துக்கொண்டே வந்தது. பதினைந்தாம் நாள் நைந்த வேட்டி மாதிரி மெலிந்துவிட்டது. பெட்டியக்கா அடிமரத்துக்குக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தாள். தன் புடவைகளைக் கம்பியில் கட்டிப் பார்த்தாள்; செல்போன் கடைக்காரர்கள் போர்டு மறைகிறது என்று அவிழ்க்கச் சொன்னார்கள். பத்தொன்பதாம் நாள் பகலில், நர்ஸம்மா கையில், அந்த நடைபாதையில் பெண் குழந்தை பிறந்தது. அழுதது. அது அழுத நேரத்தில் தெருவில் நிழல் இல்லை.

மறுநாள் குழந்தையை வெயிலில் காட்ட வாசலுக்குக் கொண்டுவந்தபோது அதன் பின்னால் தரையில் ஒரு முழு மரத்தின் நிழல் விழுந்தது. நடுவில் இஸ்திரிப் பெட்டி அளவுக்கு ஓட்டை. தங்கை பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள், குழந்தையின் துணியை மாற்றினாள்.

அதற்குப் பிறகு ஆறு கோடை போயிற்று. மரம் கேட்டுப் பெட்டியக்கா ஒன்பது மனு கொடுத்தாள். "மேற்படி இடத்தில் போதிய நிழல் ஏற்கெனவே இருப்பதால் மரக்கன்று ஒதுக்க இயலாது" என்று முத்திரையோடு பதில் வந்தது. அவளே நட்ட முதல் கன்றைக் கேபிள் பள்ளம் தின்றது, இரண்டாவதை நடைபாதைக் கல். மூன்றாவது முழங்கால் உயரம் வந்திருக்கிறது. அது மரமாகும்வரை, பள்ளி விடுமுறை நாட்களில், பதினொன்றிலிருந்து குழந்தை அடிமரத்தின் மேல் ஏறி நிற்கிறாள். குடை பிடித்தால் நிழல் விழாது என்பதால் குடை இல்லை; தலையில் ஈரத்துணி. துணி காயக் காயப் பெரியம்மா தண்ணீர் தெளிக்கிறாள், இஸ்திரித் துணிக்குத் தெளிக்கிற அதே பாட்டிலில் இருந்து, கன்றுக்கு ஒரு தெளிப்பு, இவளுக்கு ஒரு தெளிப்பு.

"பெரியம்மா, கால் வலிக்குது. தலையும் சுத்துது."

"இன்னும் அஞ்சு நிமிசம்டி, என் ராசாத்தி. தபால்காரர் சாப்ட்டு முடிக்கட்டும்."

குழந்தை கால் மாற்றி நின்றாள். நிழல் ஒருமுறை ஆடியது. காற்று என்று நினைத்த தபால்காரர், நிமிர்ந்து பார்க்காமல், அடுத்த வாயை எடுத்தார்.