காந்தத்தில் ஒட்டியிருந்தது

ஆய்வகத்தில் அவளுக்கு மந்தவாயு என்று பெயர். எதனோடும் வினைபுரியாத வாயு. நாளுக்கு நான்கு வார்த்தை பேசினால் அதிகம் என்பதால் சக ஆய்வு மாணவன் குடுவை வைத்த பெயர் அது. அவனுக்குக் குடுவை என்ற பெயரை யாரும் வைக்கவில்லை, அவன் வயிறே வைத்துக்கொண்டது.

பத்து நாளாக அவளுக்கு எதைப் பார்த்தாலும் குமட்டியது. கழுவு தொட்டியின் ஓட்டையில் யாரோ ஊற்றிவிட்டுப் போன பழுப்புப் பிசின், அதில் சிக்கியிருந்த தலைமுடி, நாற்காலியில் தொங்கும் கோட்டுகளின் கழுத்துப் பட்டை அழுக்கு. எல்லாவற்றுக்கும் மேலே பிரிடின் என்ற கரைப்பானின் வாடை. அழுகிய மீனை மருந்தில் ஊறவைத்த மாதிரி ஒரு நாற்றம், தலைமுடிக்குள் புகுந்து வீடு வரைக்கும் வரும். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர்கள் எழுந்து நின்றுகொள்வார்கள். இரண்டு வருடத்துக்கு மேலாக இத்தனையையும் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு தாங்கியிருந்தாள். தாங்குவதற்கு ஒரு காரணம் இருந்தது.

அவளுடைய வேதிவினை வேலை செய்தது.

இரண்டு மூலக்கூறு வளையங்களை ஒன்றோடொன்று இணைக்க வேண்டும். மற்றவர்கள் அதற்குப் பல்லேடியம் என்ற உலோகத்தைப் போடுவார்கள். அவள் உலோகமே போடாமல் இணைத்திருந்தாள். கொஞ்சம் காரம், சூடு, ஆறு மணி நேரம், அவ்வளவுதான். நூற்றுக்கு எண்பத்து நான்கு பங்கு விளைச்சல். வேறொரு பல்கலைக்கழகத்தில் கணினியில் கணக்குப் போடும் வேதியியலாளர் ஒருவர், உலோகமில்லாமல் இது எப்படி நடக்கிறது என்று ஐந்து பக்கத்துக்கு நிரூபித்துக் கொடுத்திருந்தார். கட்டுரை தயார். வெள்ளிக்கிழமை இதழுக்கு அனுப்ப வேண்டும். அது வெளிவந்தால்தான் அவளுக்குப் பட்டம்.

அனுப்புமுன் கடைசியாக ஒருமுறை செய்து பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தாள். வினை நடக்கவில்லை. போட்ட பொருள் போட்டபடியே திரும்பி வந்தது. மறுபடி செய்தாள். மறுபடியும். நான்காவது தடவை குடுவை எட்டிப் பார்த்தான்.

"என்ன, மந்தவாயு முகம் கொதிக்குது?"

"நடக்க மாட்டேங்குது."

"எதை மாத்தின?"

"ஒண்ணையும் மாத்தல."

"மேக்னெட்?"

கண்ணாடிக் குடுவைக்குள் கிடந்து கரைசலைச் சுழற்றும் விரலளவு காந்தத்துண்டு அது, மேலே வெள்ளைப் பிளாஸ்டிக் உறை. புதிய பாக்கெட் வந்திருந்தது. பிரித்து ஒன்றை எடுத்திருந்தாள்.

"அதுல என்ன இருக்கு?" என்றாள்.

"அதுல ஒண்ணும் இல்ல. பழசுலதான் என்னமோ இருந்திருக்கு," என்று சொல்லிவிட்டுச் சிரிக்கப் போனவன் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

பழையது இழுப்பறையில் கிடந்தது. எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். வெள்ளையாக இருந்த காலம் போய், சொத்தைப் பல் மாதிரி சாம்பல் பூத்து, கீறலுக்குக் கீறல் கறுப்பு ஏறியிருந்தது. அவளுக்கு முன் அதே மேசையில் இருந்தவர் ஐந்து வருடம் பல்லேடியத்திலேயே புழங்கியவர். அவர் கண்ணாடிக் குடுவையில் சுழன்று பல்லேடியம் படிந்த காந்தம் இது. கழுவினால் போதும் என்று எல்லோரும் எல்லோருடையதையும் எடுத்துப் போட்டுக்கொள்வது அந்த ஆய்வகத்து வழக்கம். ஒரு வீட்டில் அத்தனை பேரும் ஒரே பல்துலக்கியைக் கழுவிக் கழுவி வைத்துக்கொண்ட கதைதான்.

பழையதைப் போட்டாள். எண்பத்து மூன்று. புதியதைப் போட்டாள். சுத்தமாகப் பூஜ்யம்.

அன்றைக்கு அவள் பழைய குறிப்பேடுகளைப் புரட்டினாள். எட்டாவது மாதத்தில் ஒருநாள் வினை நடக்கவில்லை. அன்று பக்கத்து மேசையிலிருந்து காந்தம் வாங்கியதாக அவள் கையெழுத்திலேயே இருந்தது. அதன் கீழே காரணம் என்ற இடத்தில் 'ஈரம்' என்று எழுதி அடிக்கோடும் இட்டிருந்தாள். ஈரமா என்று அவள் சோதிக்கவே இல்லை. சோதிக்க விருப்பமில்லை என்பதுதான் நிஜம். அந்த அடிக்கோட்டைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் இருந்தாள். தொட்டியில் கிடந்த தலைமுடியைவிட அது அருவருப்பாக இருந்தது.

வீட்டில் அக்கா வழக்கம்போல வாசலிலேயே பிளாஸ்டிக் வாளியை நீட்டினாள். துணியை அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வரலாம். அக்காவுக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அப்போ உன் சட்டியில வேற எவனோ உப்புப் போட்டிருக்கான். நீ உப்பில்லாமயே ருசியா சமைச்சேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு இருந்திருக்க," என்றாள்.

"ம்."

"எங்க இடத்துல ஒரு ஊசியை ரெண்டாந்தடவை எடுத்தா அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்கடி. உங்க சாருக்கிட்ட சொன்னியா?"

"நாளைக்கு."

சொன்னாள். பேராசிரியர் தேநீரில் பிஸ்கட்டை நனைத்துச் சாப்பிட்டபடி கேட்டார். நனைந்த பாதி உடைந்து கோப்பைக்குள் விழுந்தது. அதை விரலால் துழாவி எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, அதே விரலை நாக்கில் தொட்டுக் கட்டுரையின் பக்கத்தைப் புரட்டினார்.

"மேக்னெட் பத்தியெல்லாம் எந்தப் பேப்பர்லம்மா எழுதறாங்க?"

"சார், பல்லேடியம் இருக்கு."

"நீ போட்டியா?"

"நான் போடல."

"அதைத்தானே எழுதியிருக்கோம், உலோகம் எதுவும் சேர்க்கப்படவில்லைன்னு. பொய்யா? மேக்னெட்டைக் கழுவினியா இல்லையா?"

"கழுவினேன்."

"பின்ன என்ன? கழுவியதுன்னு ஒரு வரி சேர்த்துக்கோ. உனக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி."

ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. பச்சைப் பொய்யைச் சொல்லச் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். அவர் நல்ல மனிதர். அவள் காய்ச்சலில் கிடந்தபோது இரண்டு முறை போன் செய்து விசாரித்தவர். இப்போதும் அதே குரலில்தான் பேசினார்.

"என் பேரு வேண்டாம் சார்."

"யோசிச்சுச் சொல்லு. பேரு போட ஆளில்லாம இல்ல."

ஆள் கதவுக்கு வெளியேதான் நின்றிருந்தான். குடுவை அவளோடு மேசை வரைக்கும் நடந்து வந்தான். தன் செருப்பையே பார்த்தான். அவள் காத்திருந்தாள். மௌனத்தில் அவளை ஜெயிக்க முடியாது என்று அவனுக்குத் தெரியும்.

"தப்பா எடுத்துக்காதே," என்றான் கடைசியில். "எனக்கு அஞ்சு வருஷம் முடியப் போகுது. ஒரு பேப்பர்கூட இல்ல. நீ வேணாம்னு சொல்றதா இருந்தா… நான் போட்டுக்கட்டுமா?"

காந்தத்தைக் கண்டுபிடித்துச் சொன்னவனே அவன்தான். அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். வெட்கத்தில் காது சிவந்திருந்தது. ஆனால் கேள்வியை அவன் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. அவள் பெயரை எடுத்தால் அழுக்கு போய்விடாது, இன்னொருவன் பெயரில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். கட்டுரையின் அட்டவணையில் இரண்டு வரிகள் சேர்த்தாள்: பழைய காந்தம், எண்பத்து மூன்று, புதிய காந்தம், பூஜ்யம். தலைப்பிலிருந்த 'உலோகமின்றி' என்ற சொல்லை அடித்தாள். கட்டுரையில் பெயர் உள்ள ஐந்து பேருக்கும், பேராசிரியர் உட்பட, ஒரே மின்னஞ்சலில் அனுப்பினாள். கூடவே மூன்று வரி. நம் வினை உலோகத்தால்தான் நடக்கிறது. உலோகம் என் காந்தத்தில் இருந்தது. எட்டாவது மாதமே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

பத்தே நிமிடத்தில் கணினிக்காரரிடமிருந்து பதில் வந்தது. 'மிக சுவாரசியம். பல்லேடியத்தை வைத்தும் கணக்குச் சரியாக வரும் என்றே நினைக்கிறேன். இரண்டு நாள் கொடுங்கள்.'

அவள் அதை மூன்று முறை படித்தாள். ஐந்து பக்க நிரூபணம். இனி எதிர்ப்பக்கமாகவும் ஐந்து பக்கம் வரும்.

பேராசிரியர் கையில் போனோடு அறையைவிட்டு வெளியே வந்தார். ஆய்வகத்தில் எல்லோரும் திடீரென்று வேலை செய்ய ஆரம்பித்தார்கள்.

"அஞ்சு பேருக்கும் அனுப்பிட்டியா?"

"ஆமா சார்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"உங்ககிட்டதான் சார் முதல்ல சொன்னேன்."

அவர் போனைச் சட்டைப் பைக்குள் போட்டார், மறுபடி எடுத்தார். "ரெண்டு வருஷம் போச்சு. புரியுதா உனக்கு?"

"ரெண்டு வருஷம் ஏழு மாசம் சார்."

அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். குடுவை மட்டும் சற்று நேரம் அங்கேயே நின்றுவிட்டு, அவள் பக்கம் திரும்பாமல் தன் மேசைக்குப் போனான்.