படுக்கையைச் சுற்றி நின்றவர்கள்

பெரியண்ணனுக்கு ஜெபிக்கத் தொண்டை உண்டு, பிடிக்கக் கை கிடையாது. தையல்காரத் தங்கை இந்த முடிவுக்கு வந்து வெகு காலமாகிவிட்டது.

அக்கா பக்கவாதத்தில் விழுந்ததிலிருந்து அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். முன்னறையில் கட்டில், கட்டிலை ஒட்டித் தையல் மெஷின். ஒரு கவுனுக்கு ஓரம் அடித்து முடிப்பதற்குள் எழுந்து அக்காவைப் புரட்டிப் போட வேண்டும். இல்லையென்றால் முதுகு புண்ணாகிவிடும். அண்ணன் டைல்ஸ் கடை முதலாளி, சபையில் மூப்பர். ஞாயிறு மதியம் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, இஸ்திரி கலையாத சட்டையோடு ஜெபக்குழுவைக் கூட்டிக்கொண்டு வருவார். அவர்களுக்கு நாற்காலி போட வேண்டும், மின்விசிறியை அவர்கள் பக்கம் திருப்ப வேண்டும், காபி கலக்க வேண்டும். வியர்ப்பதென்னவோ அக்காவுக்கு.

"ஆண்டவரே, இப்பவே தொடும்! இன்னைக்கே எழுப்பும்!" என்பார் அண்ணன். சரக்கு வரத் தாமதமானால் லாரிக்காரரிடம் பேசுகிற அதே தொனி.

அந்த ஞாயிறு, இரண்டாம் பாட்டு முடிந்து ஜெபம் சூடு பிடித்தபோது அறையில் நாற்றம் எழுந்தது. அக்காவுக்குப் பேச்சு வராதே தவிர எல்லாம் புரியும். அவள் கண் நிறைந்து காதோரம் வழிந்தது. ஒருவரும் கண்ணைத் திறக்கவில்லை. உருகி அழுகிறவர்கள் போலக் கைக்குட்டைகள் மூக்குக்குப் போயின. அண்ணனின் குரல் இன்னும் ஒரு கட்டை ஏறியது.

"அண்ணா, ஆமென் சொல்லிட்டு இப்படி வாங்க. அக்காவைத் திருப்பணும், ஒரு ஆள் பிடிக்கணும்."

"ஜெபத்துக்கு நடுவுல என்னம்மா பேச்சு?"

"ஆண்டவர் காத்திருப்பாரு. இது காத்திருக்காது."

"நான் ஆம்பளை, எப்படி..."

"சரி, ஆம்பளைங்க வெளிய போங்க. பொம்பளைங்க யாராவது வாங்க."

இவ்வளவு நேரம் குதித்துக் குதித்துக் கைதட்டிய குழுப் பெண் ஒருத்திக்குத் திடீரென்று இடுப்பு பிடித்துக்கொண்டது. இன்னொருத்திக்கு அடுப்பில் பால் வைத்த ஞாபகம் வந்தது. ஆண்டவருடைய வருகையின் நாளில் இதே வேகத்தில் எழும்பினால் அத்தனை பேரும் பரலோகம் போய்ச் சேர்ந்துவிடுவார்கள் என்று தங்கை நினைத்துக்கொண்டாள்.

ஒருத்தி மட்டும் நின்றாள். போதகரின் மனைவி. சென்ட் அக்கா என்று தங்கை அவளுக்குப் பெயர் வைத்திருந்தாள்; ஆள் வருவதற்கு முன்னே அவள் வாசனை வந்து உட்கார்ந்திருக்கும்.

"உங்களுக்கு வேற ஜெபம் இல்லையா?"

"இருக்கு. எங்க பிடிக்கணும்னு சொல்லு." கைக்கடிகாரத்தைக் கழற்றி மெஷின் மேல் வைத்தாள்.

துணியை விலக்கியதுமே அவளுக்குக் குமட்டிவிட்டது. ஓடிப்போய்க் கை கழுவும் தொட்டியில் வாந்தி எடுத்தாள். அவ்வளவுதான், இனி வரமாட்டாள் என்று தங்கை ஏளனமாக உதட்டைச் சுழித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள் அவள்.

"எனக்கு இதெல்லாம் ஆகாது. என் பிள்ளைங்களுக்கே எங்கம்மாதான் கழுவிவிட்டாங்க."

"அப்புறம் ஏன் நிக்கிறீங்க?"

"உங்க அக்கா என்னைப் பார்த்துட்டாங்களே. பார்த்த பிறகு எப்படிப் போறது?"

அந்தப் பதில் தங்கைக்கு எரிச்சலாக இருந்தது. "நகத்தை ஊன்றாதீங்க, தோல் உரிஞ்சிடும்" என்று கடிந்துகொண்டாள்.

கதவுக்கு வெளியே அண்ணன் குரல் கொடுத்தார்: "நாங்க இங்கிருந்தே முடிச்சுக்கிறோம்." முடித்தும்விட்டார். காபி டம்ளர்கள் மட்டும் காலியாகத் திரும்பி வந்தன.

அடுத்த ஞாயிறு ஆராதனையில் அவர் எழுந்து சாட்சி சொன்னாராம்: சுகமில்லாத சகோதரியைத் தம் குழு கண்ணுக்குள் வைத்துத் தாங்குகிறதென்று. சபையே ஸ்தோத்திரம் சொன்னதாம். ரப்பர் கையுறை வாங்கிக்கொண்டு செவ்வாயன்று வந்த சென்ட் அக்காதான் இதைச் சொன்னாள், முகத்தைத் திருப்பி மூச்சை அடக்கியபடி. அதற்குப் பிறகும் வந்துகொண்டிருந்தாள். காலைத் தப்பாகப் பிடித்தாள், ஊர்வம்பு பேசினாள், ஒவ்வொரு தடவையும் அலுத்துக்கொண்டாள். தங்கைக்கு அவளைப் பிடிக்கத்தான் இல்லை. ஆனாலும் செவ்வாய்க்கிழமைகளில் வாசலைப் பார்த்தாள்.

மறுபடி ஜெபக்குழு வந்தபோது தங்கை கதவை முழுசாகத் திறக்கவில்லை.

"உள்ள வர்றவங்க கை கழுவிட்டு வாங்க. விரிப்பு மாத்தணும்."

அண்ணன் தன் சட்டையைக் குனிந்து பார்த்தார். பிறகு குழுவைப் பார்த்தார். "சகோதரி ஓய்வெடுக்கட்டும். தொந்தரவு பண்ண வேண்டாம்" என்று உருக்கமாகச் சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கினார்.

தங்கை திரும்பிப் பார்த்தாள். அக்காவின் வாயில் அசைகிற பாதி சிரித்துக்கொண்டிருந்தது.