அக்கா சொன்ன வெள்ளை

எங்கள் கூடத்துச் சுவர்களுக்குத் தரையிலிருந்து கூரை வரை மரப்பலகை அடித்திருந்தது. வீட்டை எங்களுக்கு விற்ற புண்ணியவானின் வேலை. பலகை கறுத்துப்போய், பட்டப்பகலிலும் விளக்குப் போட்டால்தான் என்னால் தைக்க முடியும். தையல்தான் என் தொழில். "ஒரு பெயிண்ட் அடிங்களேன்" என்று எட்டு வருஷமாகக் கேட்டேன்.

"மரத்துல போய் யாராவது பெயிண்ட் அடிப்பாங்களா? ரசனைன்னு ஒன்னு வேணும்டி" என்பார் என் வீட்டுக்காரர்.

போன மாதம் அவருடைய அக்கா வந்தார். பெட்டியைக் கீழே வைக்கவில்லை, சுற்றிலும் பார்த்து மூக்கைச் சுளித்தார். "என்னடா தம்பி, இருட்டு குகையாட்டம் இருக்கு? வெள்ளை அடிச்சு விடு."

மறுநாள் காலை பெயிண்ட் கடை திறக்கும் முன்பே இவர் அதன் வாசலில் நின்றார். எட்டு வருஷ ரசனை ஒரே ராத்திரியில் ஓடிப்போய்விட்டது.

நான் சும்மா இருந்திருக்கலாம். மனசு கேட்கவில்லை. "இத்தனை வருஷமா நான் மெழுகு போட்டுத் துடைச்ச பலகைங்க இது. உப்புத்தாள் வச்சு நல்லா தேய்க்காம அடிச்சா ஒட்டாது" என்றேன்.

"பாவாடைக்கு நாடா கோக்கிறதுன்னு நெனச்சியா? அவனுக்குத் தெரியும், நீ போய் மெஷினை மிதி" என்றார் நாத்தனார்.

இவர் சிரித்தார். நாத்தனார் சொன்னதுகூட உறைக்கவில்லை. இந்தச் சிரிப்புதான் சுருக்கென்றது. போய் மெஷினை மிதித்தேன்.

அக்கா நாற்காலியில் கால்மேல் கால் போட்டு விரலை நீட்டுவதும், தம்பி அந்த விரல் போன பக்கமெல்லாம் பிரஷ்ஷோடு ஓடுவதுமாகப் பகல் போயிற்று. சாயந்திரம் சுவர் பால் மாதிரி இருந்தது. அதன் முன்னால் நின்று இருவரும் படம் எடுத்துச் சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் அனுப்பினார்கள்.

விடிந்ததும் பார்த்தால், மரத்துக்குள் இருந்த கறை தேநீர் கொட்டியதுபோல் வெளியே ஊறியிருந்தது.

"இன்னொரு கோட்டு அடிடா."

அடித்தார். அதற்கு மேல் மூன்றாவதும் அடித்தார். பெயிண்ட் தடித்ததே தவிர, காயவில்லை. நாத்தனார் அசதியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். எழுந்தபோது சுவரும் கூடவே வந்தது. கொண்டையிலிருந்து இடுப்பு வரை ஒரு முழ அகலத்துக்குப் பாலாடை மாதிரி உரிந்து முதுகில் தொங்கியது.

முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு அந்த அம்மாள் சொன்னார்: "நான் அப்பவே சொன்னேன், நல்ல மரத்துல கை வைக்காதேன்னு. யாரு கேக்குறா?"

ஆடத் தெரியாதவளாவது கூடம் கோணல் என்றாள். நாத்தனாரோ ஆடியதே தான் இல்லை என்றுவிட்டார்.

இவர் வாயைப் பிளந்துகொண்டு என்னைப் பார்த்தார். "அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றேன்.

பத்து நாள் தங்க வந்தவர் மறுநாளே கிளம்பிவிட்டார். முடியை வெட்டித்தான் பெயிண்டை எடுக்க வேண்டியிருந்தது.

நாலைந்து நாள் உரிந்த சுவரோடு குடித்தனம் நடத்திய பிறகு இவர் என் பக்கத்தில் வந்து நின்றார். "இப்ப என்ன பண்றது?"

"தேய்ங்க."

தேய்த்தார். ஒரு வாரம், புருவமெல்லாம் மாவு மில்காரன் மாதிரி தூசியோடு. கறை ஊறாமலிருக்க முதலில் அடிக்கும் ப்ரைமரை நான் வாங்கி வந்தேன். வெண்ணெய் நிறம் நான் சொன்னது. கூடம் வெளுத்தது, நன்றாகவே வந்தது, அதில் பொய் சொல்ல மாட்டேன்.

பார்க்க வந்த எதிர்வீட்டு அம்மா கேட்டார்: "அழகா இருக்கே, யாரோட ஐடியா?"

"எங்க அக்காவோடது" என்றார் இவர், கொஞ்சமும் கூசாமல். "அவங்க கண்ணே கண்ணு. அடுத்து படுக்கையறை. வந்து சொல்லுங்கன்னு கூப்பிட்டிருக்கேன்."

நான் நூலைப் பல்லால் கடித்து அறுத்தேன்.

"வரச் சொல்லுங்க. இந்தத் தடவை தேய்க்கிறது அவங்க."