கை வைக்கக் கூடாத தலை

சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கச் சொன்ன டாக்டர் ஒரு நாளாவது அப்படித் தூங்கிப் பார்த்திருப்பாரா என்பதுதான் ரோய்ஸ்டனின் கேள்வி. கோலாலம்பூர் கிளினிக்கில் பின்மண்டை முடியைப் பிடுங்கி முன்மண்டையில் நட்டு, குனோங் ராபாட் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து ஹாலில் கிடக்கும் சாய்வு நாற்காலிதான் அவனுக்குப் படுக்கை. அடிக்கடி உப்புத்தண்ணீர் ஸ்ப்ரே அடிக்க வேண்டும். அரிக்கும், ஆனால் சொறியக்கூடாது. குனியக்கூடாது, வெயிலில் போகக்கூடாது. ஹெல்மெட் கூடாது என்பதால் மோட்டாரும் இல்லை, மோட்டார் இல்லாததால் ஜெலாப்பாங் தொழிற்சாலைக்கு வேலைக்கும் போக முடியாது. தும்மினால்கூட வாயைத் திறந்துதான் தும்ம வேண்டுமாம். இவ்வளவு கட்டுப்பாடு பிள்ளை பெற்றவளுக்குக்கூடக் கிடையாது.

வேறு வழியில்லாமல்தான் செய்துகொண்டான். தொழிற்சாலையில் மலாய்க்காரர், சீனர், தமிழர் மூவரும் ஒற்றுமையாகச் சொல்கிற ஒரே வார்த்தை 'போத்தாக்'. மலாயில் மொட்டை. சூப்பர்வைசர் என்று மூன்று வருடமாகச் சட்டையில் பெயர் குத்திக்கொண்டு திரிகிறான், ஒருவன் வாயிலும் அது வரவில்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பான். பெண் பார்க்கப் போன வீட்டில், பெண்ணின் தம்பி நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க அங்கிள்" என்றானே, அன்றைக்குத்தான் முடிவெடுத்தான்.

கிளினிக் நர்ஸ் ட்ரேசி போனில் கறாராகச் சொல்லியிருந்தாள். "பத்து நாளைக்கு ஒங்க கையே படக்கூடாது. அழுத்துனா வேரோட வந்துரும். வந்துச்சுன்னா அவ்ளோதான் சார், பின்னால எடுக்குறதுக்கு இனிமே முடி இல்ல."

இருப்பதை எல்லாம் ஒரே சூதாட்டத்தில் வைத்தவனின் நிலைமை அது. அதில் பாதி நாள்தான் கழிந்திருந்தது.

நாலாம் நாள் நெற்றி வீக்கம் கண்ணுக்கு இறங்கி முகம் அப்பம் போல் உப்பிவிட்டது. அது வரும், தானாக வடியும் என்று ட்ரேசி முன்பே சொல்லியிருந்தாள். ஆனால் அது சவரிநாதன் அங்கிளுக்குத் தெரியாதே. கோயில் செபக்கூட்டத்தின் தலைவர், இரண்டு வீடு தள்ளி இருப்பவர். சாயங்கால நடையில் கேட்டுக்குள் எட்டிப் பார்த்தவர், கண் மூடிப்போய்த் தலையில் துணிக்குல்லாயோடு கிடந்தவனைக் கண்டு பதறி, அம்மா எல்ஸியிடம் விசாரித்தார். எல்ஸி, "தலையில ஆபரேஷன் அண்ணே" என்றாள். அதோடு நிறுத்திக்கொண்டாள். மிச்சத்துக்குக் கண், காது, மூக்கு வைக்க ஊரில் ஆளா இல்லை? ஞாயிற்றுக்கிழமை பூசையில், ஆஸ்பத்திரியில் கிடக்கும் இரண்டு கிழவர்களின் பெயருக்கு நடுவே, மூளையில் கட்டி வந்த ரோய்ஸ்டனுக்காகவும் பாதர் மன்றாடினார்.

"ஏம்மா, நீ எழுந்திருச்சு இல்லன்னு சொல்ல வேண்டியதுதானே?" என்று மறுநாள் கத்தினான். கத்தினால் நெற்றி விண்ணென்று தெறித்தது. அதற்கும் சேர்த்து எரிச்சல்.

"என்னான்னுடா சொல்றது? பூசை முடிஞ்சி ஆளாளுக்கு என் கையப் புடிச்சி அழுவுறாங்க. அந்த நேரத்துல, எம்மவன் முடி நட்டுக்கிட்டு வந்திருக்கான்னா சொல்லுவேன்?"

"அதுக்குக் கட்டின்னு சொல்லுவியா?"

"நா கட்டின்னு சொல்லவே இல்ல. தலைன்னேன், ஆபரேஷன்னேன். ரெண்டும் நெசந்தான?" எல்ஸி தேங்காய் துருவும் வேகத்தை நிறுத்தாமலே சொன்னாள். "இன்னிக்கி சாயந்தரம் செபிக்க வாராங்க. சட்டைய மாத்து."

அந்தக் கூட்டத்தின் செபம் அவனுக்குத் தெரியும். மந்திரித்த எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றித் தலையில் கை வைப்பார்கள். வைப்பது என்றால் பூப்போல வைப்பதல்ல. பரிசுத்த ஆவி இறங்க வேண்டுமே, ஐந்தாறு பேர் சேர்ந்து அழுத்துவார்கள். நின்ற ஆள் மல்லாக்க விழுவதை அவனே பார்த்திருக்கிறான்.

"தொடக்கூடாதுன்னு சொல்லிருமா. கெஞ்சிக் கேக்குறேன்."

"நீயே சொல்லிக்க லா" என்றாள் எல்ஸி.

சாயங்காலம் மழையோடு வந்தார்கள். சவரிநாதன் அங்கிள், பின்னால் நாலைந்து பெண்கள். அவர்களுக்கும் பின்னால் நனைந்த குடையை மடக்கியபடி நுழைந்தவளைப் பார்த்ததும் எல்ஸியின் முகம் செத்துப்போனது. தைப்பிங்கிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள் நவமணி. ரோய்ஸ்டனுக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தாயாக நின்றவள். அவளுடைய புருஷன் மூளையில் கட்டி வந்துதான் செத்தார். ஊர் ஊராகப் போய்ப் பிறருக்குக் கை வைத்துச் செபித்தவள், அவர் போனபிறகு செபக்கூட்டம் பக்கமே தலைகாட்டவில்லை.

"எல்ஸி, எனக்கு ஒரு வார்த்தை சொல்லணும்னு ஒனக்குத் தோணலயா?" என்றாள் நவமணி. எல்ஸி கோப்பி கலக்க அடுப்படிக்கு ஓடினாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தால் பிடித்தவர்கள் எல்லோரும் அங்கேதான் ஓடுவார்கள்.

ரோய்ஸ்டன் முந்திக்கொண்டான். "அங்கிள், டாக்டரு தலையத் தொடக்கூடாதுன்னு சொல்லியிருக்காரு. கிருமி வந்துருமாம். தூர நின்னே செபிங்க."

"மந்திரிச்ச எண்ணெய் லா தம்பி. இதுல எப்படிக் கிருமி வரும்?" என்று சிரித்தார் அங்கிள். பாட்டு ஆரம்பித்தது. குரல் ஏற ஏறக் கைகளும் ஏறின. வளையம் நெருங்கியது. ரோய்ஸ்டன் பின்னால் ஒண்டினான். சாய்வு நாற்காலி தன் குணத்தைக் காட்டி மெல்லச் சாய்ந்து, அவன் தலையை அவர்கள் கைக்கு வாட்டமாகக் கொண்டுபோய்க் கொடுத்தது. அந்த நாற்காலியை விறகாக்கினால்கூட அவன் ஆத்திரம் தீராது.

"நில்லுங்க" என்றாள் நவமணி. "எல்லாரும் பின்னால போங்க. நான் வக்கிறேன்."

பாட்டு நின்றது. அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து, சீசாவைத் திறந்து வலது உள்ளங்கையில் எண்ணெய் ஊற்றினாள். அவனுக்கு மட்டும் கேட்கும்படி பேசினாள்.

"எம் புருஷன் தலையில இந்தக் கையத்தான் வச்சேன். ஆண்டவருக்குக் கேக்கல. அன்னையிலேருந்து யாரு தலையிலயும் வச்சதில்ல. நேத்து சவரி அண்ணே போன் பண்ணாரு. கஞ்சித் தண்ணியத் தவிர ஒண்ணும் எறங்கல எனக்கு. ஒன்னையும் விட்டுற மாட்டேன்யா."

இத்தனை நாளும் டாக்டர்மேல், அம்மாமேல், அங்கிள்மேல், அரிப்பின்மேல் என்று ஆள் மாற்றி ஆள் கோபப்பட்டுக்கொண்டிருந்தவனுக்கு இப்போது கோபப்பட யாரும் கிடைக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு தலையைக் கொடுத்துவிடலாமா? போனால் போகட்டும், போத்தாக்காகவே செத்துப்போகலாம். ஆனால் கொடுத்த பிறகு என்ன ஆகும்? அவன் சாகாமல் நன்றாகத்தான் இருப்பான். தன் கையால்தான் பிழைத்தான் என்று இவள் நம்புவாள். அங்கிள் அவனை மேடையேற்றி மைக்கில் சாட்சி சொல்லச் சொல்வார். பிறகு ஒருநாள் உண்மை இவள் காதுக்குப் போகும். புருஷனுக்குக் கேட்காத செபம் ஒரு மயிருக்குக் கேட்டது என்று அவள் தெரிந்துகொள்வாள். அதை நினைத்தபோது அவனுக்கு வெட்கத்தில் உடம்பு கூசியது.

எண்ணெய்க் கை தலைக்கு மேல் வந்துவிட்டது. மணிக்கட்டைப் பிடித்தான்.

"ஆண்ட்டி, எனக்குக் கட்டி இல்ல."

"சொகமாயிரும்யா. பயப்படாத."

"இல்ல ஆண்ட்டி. மொதல்லேருந்தே இல்ல. முடி. முடி நட்டுக்கிட்டு வந்தேன். அம்மாவுக்குச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. எனக்குந்தான்."

கோப்பித் தட்டோடு வந்த எல்ஸி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். "முடியா?" என்றார் சவரிநாதன் அங்கிள்.

நவமணி குனிந்து, வீங்கிய அவன் முகத்துக்கு நேராகத் தன் முகத்தைக் கொண்டுவந்தாள். "அப்ப ஒம் மண்டைக்குள்ள ஒண்ணும் இல்லயா?"

"இல்ல ஆண்ட்டி."

"ஒண்ணுமே இல்லயா?"

"ஒண்ணுமே இல்ல."

வேறொரு நாளாக இருந்தால் இதற்கு வீடே சிரித்திருக்கும். நவமணியின் உதடு கோணியது. அழப்போகிறாள் என்று அவன் நினைத்து முடிப்பதற்குள், எண்ணெய் வழிந்த அந்தக் கை அவன் கன்னத்தில் பளார் என்று இறங்கியது. பெரிய மனிதனாகிவிட்ட ஒருவனை அடிக்கிற அடி அல்ல அது. சாலையில் ஓடி லாரியில் அடிபடாமல் தப்பித்து வந்த பிள்ளைக்கு விழுகிற அடி. அவன் கன்னம் எரிந்தது, காது அடைத்தது. சவரிநாதன் அங்கிள் சிலுவை போட்டுக்கொண்டார்.

அடுத்த கணம் நவமணியே பதறிப்போனாள். அடித்த கையைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, கண்ணில் நீர் ஒழுக ஒழுக அவன் நெற்றியை உற்றுப் பார்த்தாள்.

"பட்டுச்சா? முடியில பட்டுச்சாடா?"