துண்டை இறக்கியவன்

மன்னிப்பைப் பற்றி எனக்கு யாரும் பிரசங்கம் பண்ண வேண்டாம். பண்ணினவர்கள் எல்லாரும் அன்றைக்குக் கோயிலுக்குள் பத்திரமாக இருந்தவர்கள். நான் வீட்டில் இருந்தேன்.

ஐம்பத்தெட்டாம் வருஷம், பெரிய வெள்ளிக்கிழமை, உச்சிப் பொழுது. பன்னிரண்டிலிருந்து மூன்று வரை நடக்கும் மும்மணி ஆராதனைக்கு எங்கள் கீழத்தெரு மொத்தமும் போயிருந்தது. நடக்க முடியாத கிழடுகளும், காய்ச்சல்காரர்களும், பிள்ளை பெற்றுக் கிடந்த நேசம்மாளும்தான் வீட்டில். என் மகன் அருமைநாயகமும் காய்ச்சலில் சுருண்டு கிடந்தான். முந்தின ஞாயிறு குருத்தோலைப் பவனி மேலத்தெரு வழியாகப் போனதில் கைகலப்பு. அதற்குப் பழிதீர்க்க மேலத்தெருக்காரர்கள் தீப்பந்தத்தோடு வந்தார்கள். எல்லார் முகத்திலும் துண்டு. கண் மட்டும் தெரிந்தது. பங்குனி வெயிலில் காய்ந்த ஓலைக்கூரை, கேட்க வேண்டுமா! தெருவே பற்றிக்கொண்டது.

நான் கொல்லையில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தேன். ஒருத்தன் ஓடி வந்து முகத்துத் துண்டை இறக்கினான்.

"ஞானத்தக்கா, ஓடிரு! இங்கன நிக்காத!"

குத்தாலிங்கம். சாரல் காலத்தில் குற்றாலத்தில் நானும் அருமையும் போடும் பழக்கடைக்கு அடுத்த கடைக்காரன்.

"எம்புள்ள உள்ள கெடக்காம்லே!" என்று வாசலுக்குப் பாய்ந்தேன். அவன் என்னை இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். அவன் முழங்கையைக் கடித்தேன். ரத்தம் வந்தது, விடவில்லை. உள்ளேயிருந்து "எம்மா" என்று ஒரு குரல் வந்தது. கூரை இறங்கியது. அப்புறம் குரல் வரவில்லை.

நேசம்மாள், அவள் பெற்ற பச்சைமண், எல்லாமாக ஏழு பேர் போனார்கள்.

போலீஸ் பதினோரு பேரைப் பிடித்தது. ஆனால் முகம் பார்த்த சாட்சி நான் ஒருத்திதான், பார்த்த முகமும் ஒன்றுதான். இரக்கமில்லாத ஒருத்தனும் துண்டை இறக்கவில்லை. இறக்கினவன் என்னைக் காப்பாற்ற வந்தவன். இது என்ன நியாயம் ஆண்டவரே! வாயைத் திறந்தால் அவன் ஒருத்தன் மட்டும் உள்ளே போவான். மூடினால் ஏழு பேரும் தாங்களாகவே எரிந்து செத்தார்கள் என்றாகிவிடும்.

ஐயர் வந்தார். எங்கள் போதகரை அப்படித்தான் சொல்வோம். எங்கள் சபையில் மனத்தாங்கல் உள்ளவர்கள் அப்பமும் ரசமும் வாங்கும் இராப்போஜனப் பந்திக்குப் போகக் கூடாது. ஈஸ்டரிலிருந்து நான் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். ஊரே பார்த்தது.

"ஞானபாக்கியம், ஆண்டவர் சிலுவையில மன்னிச்சாரே. கோர்ட்ல முகம் சரியாத் தெரியலன்னு சொல்லிரும். இந்த ஊர்லதான நாம இனியும் பொழைக்கணும்?"

"மன்னிக்கச் சொல்லுதீயளா ஐயரே, பொய் சொல்லச் சொல்லுதீயளா? ரெண்டும் ஒண்ணுன்னு வேதத்துல எந்த அதிகாரத்துல எழுதியிருக்கு? எம்புள்ளைக்காக வேணா நான் மன்னிக்கப் பாப்பேன். நேசம்மா புள்ளைக்கு யாரு மன்னிக்க? அது வந்து எங்கிட்ட சொல்லிச்சா?"

அவர் கண் கலங்கிவிட்டது. நல்ல மனுஷன்தான், பயந்த மனுஷன். ஜெபம் பண்ணிவிட்டுப் போனார்.

மறுநாள் குத்தாலிங்கத்தின் தாய் சொக்கம்மாள் வந்தாள். கரிந்த நிலைக்கதவுக்கு வெளியே நின்றாள்.

"எம்புள்ள ஒன்னக் காப்பாத்துனாம்லாட்டி? அந்த நன்றி வேண்டாமா?"

"காப்பாத்துனான் ஆச்சி. யாரு அவன காப்பாத்தச் சொன்னா?"

அழுதுகொண்டே போனாள். எனக்கு இரக்கம் வரவில்லை. வந்தது என்று சொன்னால் அது பொய்.

திருநெல்வேலி கோர்ட்டில் வேதப்புத்தகத்தின் மேல் கை வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். துண்டை இறக்கினது, ஓடச் சொன்னது, பிடித்துக்கொண்டது. "அவன் பிடிக்காட்டி நானும் செத்திருப்பேன் எசமான். அதையும் எழுதிக்கிடுங்க" என்றேன். அந்தப் பதற்றத்தில் முகம் எப்படித் தெரியும் என்று எதிர்க்கட்சி வக்கீல் மடக்கினார். கூண்டிலிருந்து குத்தாலிங்கமே குரல் கொடுத்தான்.

"அக்கா சொல்லுதது நெசந்தான்."

மற்றவர்கள் பேரைக் கேட்டதற்கு மட்டும் வாயைத் திறக்கவில்லை. பத்துப் பேருக்கு விடுதலை. அவனுக்கு ஆயுள். கூட்டிக்கொண்டு போகும்போது என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான். முழங்கையில் என் பல் பதிந்த தழும்பு தெரிந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அடுத்த சாரலுக்குக் குற்றாலத்தில் தனியாகக் கடை போட்டேன். வயிறு என்று ஒன்று இருக்கிறதே. அடுத்த கடையில் சொக்கம்மாள் உட்கார்ந்திருந்தாள், ஒரு கூடை மாம்பழத்தோடு. வியாபாரம் தெரியாதவள், பழம் அழுகிக்கொண்டிருந்தது. மத்தியானம் அவள் அடுப்பு புகையவில்லை. அடுத்த நாளும் புகையவில்லை.

எங்கள் வீடுகளில் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை ஆண்டவருக்கென்று தனிக்கலயத்தில் போடுவோம். மாசக் கடைசியில் அது கோயிலுக்குப் போகும். வீட்டில் பட்டினி கிடந்தாலும் அதில் கை வைக்க மாட்டோம். கடையிலும் வைத்திருந்த அந்தக் கலயத்தைத்தான் நான் தூக்கிக்கொண்டு போனேன். என் அரிசியிலிருந்து கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. அவ்வளவுதான் என் பரிசுத்தம்.

"இது என்னுது இல்ல ஆச்சி. ஆண்டவருது. எடுத்துப் பொங்குங்க."

அவள் கலயத்தைத் தட்டிவிட்டாள். அரிசி சாக்கின் மேல் சிதறியது.

"ஒன் அரிசி எனக்கெதுக்குட்டி? எம்புள்ளையக் குடு!"

"நானும் அவருட்ட அதத்தான் ஆச்சி தெனம் கேக்கேன்."

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். மகன் செத்த அன்றைக்குக்கூட அப்படி அழவில்லை. பிறகு அவள் குனிந்து அரிசியை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மடியில் போட ஆரம்பித்தாள். நானும் பொறுக்கினேன். வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது.

"வர்ற வாரம் ஜெயிலுக்கு அவனப் பாக்கப் போறேன்" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். "ஏதாச்சும் சொல்லணுமா?"

"சொல்லுங்க. அவன் விட்டிருந்தா நானும் எம்புள்ளகூடப் போயிருப்பேன்னு சொல்லுங்க."

அவள் கை நின்றுவிட்டது. நான் இன்னும் நாலு அரிசியைப் பொறுக்கி அவள் மடியில் போட்டேன்.

"நான் கடிச்ச எடம் இன்னும் நோவுதான்னும் கேளுங்க ஆச்சி."