இடுப்பு வலி

ரஞ்சிதா அடுப்படிச் சுவரில் சாய்ந்து, நின்றபடியே பூண்டுக்குழம்புச் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளை பெற்று ஐந்தாம் நாள். உட்காரச் சொன்னால் முகம் சுளித்தாள்.

"இதுதான் மாமா பஃபே. பெரிய வீட்டுக் கல்யாணத்துல எல்லாம் நின்னுக்கிட்டுத்தான் திங்கிறாங்க. நீங்கதான் இன்னும் பந்திக்கு எடம் பிடிக்க ஓடுறீங்க."

புருஷன் அடைக்கலம் சிரித்தான். தட்டைக் கழுவி வைத்துவிட்டு அவள் மெதுவாகச் சொன்னாள்: "கீழ வலி தாங்கல மாமா. தையல் போட்ட எடம் கொதிக்குது."

அவளுக்குத் தாய் இல்லை. இவனுக்கு அக்கா தங்கை இல்லை. அந்தப் பேச்சைப் பேச வீட்டில் வேறு பெண் கிடையாது. ஆகவே பிரசவம் பார்த்த ஆஸ்பத்திரிக்கு அவனே போன் செய்தான். ஆலங்குடிக் கடைவீதியில், முந்திரி மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த லாரி ஓரம் நின்றிருந்தான். சுற்றிலும் தெரிந்த ஆட்கள். வலி எங்கே என்று நர்ஸ் சொர்ணவல்லி கேட்டாள். அவன் குரலைத் தாழ்த்தினான்.

"இடுப்பு வலிங்க."

"பிள்ள பெத்தா இடுப்பு வலிக்காம என்ன செய்யும்? வெந்நி ஒத்தடம் குடுங்க."

கொடுத்தான். எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும்போல என்று அவளும் பல்லைக் கடித்துக்கொண்டாள். போன் செய்த மூன்றாம் நாள் காய்ச்சலில் பிதற்றியவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோது, தையல் புண்ணிலிருந்து கிருமி ரத்தத்தில் ஏறியிருந்தது. "இவ்வளவு சீழ் பிடிக்கிற வரைக்கும் யாருமே பாக்கலையா?" என்று டாக்டரம்மா கேட்டார். மறுநாள் மதியம் ரஞ்சிதா போய்விட்டாள்.

ஒன்றரை மாத ஊசிக்கு மகளைத் தூக்கிக்கொண்டு அதே பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போனான். கேட்க வேண்டியது ஒன்று இருந்தது. சொர்ணவல்லி தனியாக இருந்த நேரம் பார்த்து, ரஞ்சிதாவின் பிரசவ அட்டையை மேசைமேல் வைத்தான். அட்டையின் மூலையில் சிவப்பு மையில் ஒரு 'த'. தலைச்சன் பிள்ளை என்பதற்கு, ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போதே எழுதியது.

"அந்த... வெட்டு. அவளுக்கு வேண்டியிருந்துச்சாங்க?"

"தலைச்சன்னா எல்லாருக்கும் பிள்ள வர்ற வழியக் கொஞ்சம் வெட்டுறதுதாண்ணே. தானா கிழிஞ்சா மோசமாயிரும்னு சொல்லிக் குடுத்தாங்க. இப்ப, கட்டாயம்னா மட்டும் வெட்டுங்கன்றாங்க. இங்க கை பழகிப்போச்சு."

"அவளுக்குக் கட்டாயமா இருந்துச்சா?"

சொர்ணவல்லி குழந்தையின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள். "சின்னப் பிள்ளதாண்ணே. ரெண்டரைக் கிலோ. அது பாட்டுக்கு வந்திருக்கும்."

வெளியே பெஞ்சில் ஒரு இளம் கணவனும் நிறைமாத மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். அவள் மடியில் புது அட்டை. மூலையில் சிவப்பாக 'த', மை இன்னும் காயவில்லை.

"உக்காருங்கண்ணே" என்று அந்தப் பையன் நகர்ந்துகொண்டான். "பாப்பாவோட அம்மா வரலையா?"

"தவறிட்டாங்க."

"ஐயோ. என்ன செஞ்சுச்சு?"

அந்தப் பெண்ணும் நிமிர்ந்து பார்த்தாள். சொல்லிவிட வேண்டும். வெட்ட வந்தால் எதற்கென்று கேளுங்கள், வலித்தால் எந்த இடமென்று கூசாமல் சொல்லுங்கள். வழியெல்லாம் பஸ்ஸில் மனதுக்குள் சொல்லிப் பார்த்த வார்த்தைகள் தொண்டை வரை வந்தன. குழந்தையைச் சுற்றியிருந்த துண்டைச் சரிசெய்தான். குரல் தானாகத் தாழ்ந்தது.

"இடுப்பு வலிங்க" என்றான்.